மண்டபத்துப் படிக்கு வெளியே

எங்கள் ஊர்ப் பெயரில் கோட்டை இருக்கிறது. ஊரில்தான் கோட்டையைக் காணோம். யாரோ இடித்தார்கள். யாரோ கல்லைப் பெயர்த்துக்கொண்டு போய் வீடு கட்டினார்கள், மிச்சத்தில் மாட்டுத் தொழுவம் கட்டினார்கள். இடித்தவன் யார், உள்ளே இருந்து செத்தவன் யார் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். எல்லாக் கதையிலும் ஒருவன் வெட்டுப்பட்டுச் சாவான். அதில் மட்டும் மாற்றம் இருக்காது.

இப்போது அருப்புக்கோட்டைக்குப் பழைய கட்டடம் பார்க்கவென்றே சிலர் வருகிறார்கள். அப்பாவுக்குப் பிறகு நான் வந்து குடியிருக்கிற வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "எதிரே இருக்கிற மண்டபத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்களேன் அம்மா" என்கிறார்கள். தூண் அழகாம். கல்வேலை அருமையாம். உள்ளே நின்றால் என்னமாய்க் காற்று வருகிறதாம். எனக்கு வருகிற கோபத்துக்கு அளவில்லை. தண்ணீர் கேட்டால் கொடுப்பேன். மண்டபத்தைப் பற்றிக் கேட்டால் கதவைச் சாத்திவிடுவேன். இதுவரை அப்படித்தான் இருந்தேன். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அங்கே நட்டு வைத்திருக்கும் பலகையில் தூணையும் கல்வேலையையும் பற்றி எழுதியிருப்பதுதான் எங்கள் ஊர் வரலாறு என்று ஆகிவிடும்.

இந்த வறண்ட சீமையில் எந்தப் பழைய கட்டடத்துக்கு அடியிலும் ஒரு சண்டை கிடக்கும். திருச்சுழி போகிற சாலையில் ஒரு கல்சத்திரம் உண்டு. அதன் கிணற்றில் யார் மாடு முதலில் தண்ணீர் குடிப்பது என்று இரண்டு வண்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டு செத்தார்கள். பருத்தி அரைக்கிற பழைய ஆலையின் புகைக்கூண்டு இன்னமும் நிற்கிறது. அங்கே பாய்லர் வெடித்துச் செத்த கூலியாட்களுக்காகச் சுவரில் ஒரு மாடம் வைத்து விளக்கேற்றினார்கள். இப்போது போகிற வருகிற சனம் அதைப் பிள்ளையார் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிறது. செத்தவர்களுக்குக் கிடைத்த மரியாதை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கிற மண்டபம் இவற்றையெல்லாம் விடச் சின்னது. வைகாசித் திருவிழாவில் அம்மன் சப்பரம் ஊரைச் சுற்றி வரும்போது ஒவ்வொரு தெருக்காரர் மண்டபத்திலும் நின்று பூசை வாங்கிக்கொண்டு போகும். மண்டகப்படி என்போம். இந்த மண்டபம் கடைவீதிக்காரர்களான எங்களுடையது. அம்மன் கழுத்து மாலையைக் கழற்றி மண்டபத்தில் ஒருவருக்குப் போடுவார்கள். என் சிறுவயதிலிருந்து அது அப்பாவுக்குத்தான் விழுந்தது. அப்பா பருத்திக் கமிஷன் கடை வைத்திருந்தார். தராசில் நுனிவிரல் வைக்காதவர் என்று பெயர். அந்தப் பெயரைச் சோற்றை விடப் பெரிதாக நினைத்தவர்.

மண்டபத்தின் முன்தூணில் கும்பிட்டபடி ஓர் ஆள் கல்லில் நிற்கிறார். மண்டபம் கட்டப் பணம் கொடுத்த வியாபாரி அவர், எங்கள் பாட்டனார் என்று நாங்கள் சொல்வோம். பந்தல்குடி ரோட்டிலிருந்து பிரிந்து போகும் ஒரு கரிசல் கிராமத்தில் வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் வேறு மாதிரி சொல்வார்கள். மலையடிவாரத்திலிருந்து கல் ஏற்றி வந்தது அவர்களுடைய வண்டி. தூண் நிறுத்தும்போது கல் சரிந்து நசுங்கிச் செத்த தங்கள் பாட்டனார்தான் அந்த ஆள் என்பார்கள். இதில் யாரும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. திருவிழா அன்று காலையில் நாங்கள் ஒரு மாலை போடுவோம், சாயங்காலம் அவர்கள் வண்டி கட்டி வந்து ஒரு மாலை போடுவார்கள். கல் மனிதர் இரண்டையும் வாங்கிக்கொண்டு சும்மா நிற்பார்.

அந்தத் தூணுக்கு முன்னால்தான் சத்தியம் வாங்குவது. களவு, எல்லைத் தகராறு, அடிதடி எதுவானாலும் பலகைக்கல்லில் சூடத்தை ஏற்றுவார்கள். குற்றம் செய்யாதவன் உள்ளங்கையால் அடித்துச் சூடத்தை அணைக்க வேண்டும். செய்தவன், சூடம் எரிந்துகொண்டிருக்கும்போதே கையை எடுத்துவிட்டு, "நான்தான்" என்று தன் வாயால் சொல்லி விழுந்து கும்பிட வேண்டும். அப்படி விழுந்தவன் மேல் ஒரு பயல் கை வைக்கக்கூடாது. அவன் வீட்டார் நஷ்டத்தைக் கட்டிக்கொடுத்தால் பகை அதோடு தீர்ந்தது. ஆனால் அவன் சொல்வதற்கு முன் இன்னொருவர் வாய் முந்திவிட்டால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. படிக்கு வெளியே அவனை என்னவும் செய்யலாம். இதையெல்லாம் எங்களுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. பசித்தால் சாப்பிட வேண்டும் என்பது தெரிகிற மாதிரி எல்லோருக்கும் தெரியும்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு திருவிழா. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் மதுரையில் கொஞ்ச காலம் ஒரு ஜவுளிக்கடையில் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தான். வாய்த்துடுக்கு. சிரிக்க வைப்பதற்காக எதையும் செய்வான். வருஷா வருஷம் மண்டபத்துக்குச் சுண்ணாம்பும் காவியும் அடிப்பது வழக்கம். அந்த வருஷம் அண்ணன் பளபளவென்று எனாமல் பெயிண்ட் வாங்கி வந்தான். தூணுக்கெல்லாம் ரோஸ் கலர். கல் மனிதருக்கு வெள்ளை வேட்டி, கறுப்பு மீசை. அதோடு விட்டிருந்தால் அவன் இன்று பேரன் எடுத்திருப்பான். கடைக்காரர்கள் இடுப்பில் கட்டுகிற அகலமான பச்சை பெல்ட்டு ஒன்றையும் கல் மனிதருக்கு வரைந்து, அதில் பை, பொத்தான் எல்லாம் வைத்தான். பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அப்பா மட்டும், "ஏலே, அதை அழிச்சிரு" என்றார். "நாளைக்கி அழிக்கேன்" என்றான் அண்ணன்.

சாயங்காலம் சம்சாரிகள் மாலையோடு வந்தார்கள். தூணைப் பார்த்தார்கள். கொட்டுச் சத்தம் தானாக நின்றது. அவர்களில் பெரியவர் அப்பாவிடம் வந்து, "அண்ணாச்சி, எங்க பாட்டனாருக்கு எதுக்கு யாவாரி பெல்ட்டை மாட்டிவிட்டீக?" என்று கேட்டார். நிதானமாகத்தான் கேட்டார்.

"சின்னப் பயக வேல. திருவிழா முடியவும் அழிச்சுத் தாரேன்" என்றார் அப்பா.

பெரியவர் தலையை ஆட்டினார். அதோடு முடிந்திருக்க வேண்டியது. படியில் நின்ற அண்ணன், "பெல்ட்டு இல்லாட்டி பாட்டனாரு வேட்டி அவுந்து போகும்ல!" என்றான். கடைவீதியே சிரித்தது.

முதல் சோடாப் பாட்டில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கோர்ட்டில் கூட முடிவாகவில்லை. மாடிச் சன்னலில் அம்மாவோடு நான் நின்றிருந்தேன். பாட்டில் தூணில் பட்டு வெடித்தது. அப்புறம் மழை பெய்கிற மாதிரி பாட்டில். வண்டியிலிருந்து ஊன்றுகம்பை உருவிக்கொண்டு வந்தார்கள். கடைகளிலிருந்து எடைக்கற்களை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். கம்பு மண்டையில் விழுகிற சத்தம் தேங்காய் உடைகிற சத்தம்தான், இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. டீக்கடைக்காரர் ஒருவர் காதைப் பிடித்துக்கொண்டு ஓடினார். விரல்களுக்கு நடுவே ரத்தம் கொட்டியது. சப்பரத்தைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். அம்மன் ஒருக்களித்துக் கிடந்தாள். அவள் மேல் ஏறி மிதித்துக்கொண்டே இரண்டு பேர் கட்டிப் புரண்டார்கள். பக்தி எல்லாம் அவ்வளவுதான்.

அதில் ஒரு சம்சாரிக்கு இடது கண் போயிற்று. அண்ணனை விடச் சற்று மூத்தவர். எங்கள் கடைக்குப் பருத்தி போட வரும்போதெல்லாம் அம்மா கையால் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, "குளுந்துச்சு தாயி" என்று சொல்லிப் போகிறவர். கண்ணில் ஏதோ இரும்பு குத்தி இழுத்திருக்கிறது என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். போலீஸ் இரண்டு பக்கமும் ஆட்களை அள்ளிக்கொண்டு போனது. கண்ணைப் பறித்தது யார் என்று யாரும் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது.

அப்பாவுக்குத் தெரியும். பருத்தித் தாட்டு மூட்டையை இழுக்கிற இரும்புக் கொக்கி, சரக்கு வைக்கிற கிட்டங்கியில் தவிட்டு மூட்டைக்குள் செருகிக் கிடந்ததை மறுநாள் அவர்தான் பார்த்தார். அண்ணனைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி அவன் முகத்திலேயே அறைந்தார். வெளியே நின்ற எங்களுக்கு எல்லாம் கேட்டது. "குத்தணும்னு குத்தலப்பா. கழுத்தைப் புடிச்சு நெரிச்சாரு. கையில அதுதான் கெடச்சது" என்று அண்ணன் அழுதான். அவன் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதற்கப்புறம் சம்சாரிகள் பருத்தியை எங்கள் டவுனுக்குக் கொண்டுவரவில்லை, விருதுநகருக்கு லோடு ஏற்றினார்கள். எங்கள் ஆட்கள் அவர்கள் வைக்கோல் படப்பு ஒன்றைக் கொளுத்தினார்கள். அவர்கள் எங்கள் வண்டிக்காரர் ஒருவரின் காலை ஒடித்தார்கள். இப்படியே போனால் இரண்டு பக்கமும் பிழைக்க முடியாது என்று ஆனபோது, மண்டபத்தில் கூடிப் பேசி வெற்றிலை மாற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று. சம்சாரிகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். சண்டையில் முன்னால் நின்ற கடைவீதி இளவட்டங்கள் ஒவ்வொருவராகச் சூடம் அணைக்க வேண்டும்.

அன்று காலையில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அம்மா அண்ணனை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய், "ஒத்தச் சூடம்தானடா. அணைச்சுட்டு வந்துரு. பாவத்தை நான் வாங்கிக்கிடுதேன்" என்றாள். அப்பா வாசலில் நின்று, "அந்தத் தூணு முன்னால பொய்ச் சத்தியம் பண்ணினா குடும்பம் வெளங்காது. நான்தான்னு சொல்லி விழுந்துரு. நெலத்தை வித்தாவது கட்டிக்கிடுவோம்" என்றார். அண்ணன் என்னைப் பார்த்து, "ஏத்தா, என் சட்டையில ஒரு பொத்தானக் காணோம், தைச்சுத் தா" என்றான். தைத்துக் கொடுத்தேன். என்ன செய்வதாக முடிவு பண்ணியிருக்கிறான் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது ஒரு பக்கம் நானும் இழுத்திருப்பேன்.

ஆயுதம் எதுவும் கொண்டுவரக்கூடாது என்று பேச்சு. யாரும் கொண்டுவரவில்லை. ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம். சமாதானம் முடிந்ததும் உடைக்கத் தேங்காய். தேங்காய் உடைக்க அரிவாள். இத்தனை பேர் கூடியிருந்த இடத்தில் அதை ஆயுதம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தேங்காய்க்குப் பக்கத்தில் இருந்தால் அது பூசைச் சாமான்.

நானும் அம்மாவும் மாடிச் சன்னலில் நின்றோம். மண்டபத்தின் முன்பக்கம் அங்கிருந்து நன்றாகத் தெரியும். அண்ணனுக்கு முன்னால் நின்ற பையன்கள் ஒவ்வொருவராகச் சூடத்தை அணைத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். ஒவ்வொரு தடவையும் புதுச் சூடம் ஏற்றினார்கள். கண் போன சம்சாரி கட்டோடு படியில் உட்கார்ந்திருந்தார். அவர் தம்பி பக்கத்தில் நின்றான். அப்பா அண்ணனுக்குப் பின்னால் நின்றார். முதுகுக்குப் பின்னால்.

அண்ணன் முறை வந்தது. கையை நீட்டினான். சூடத்துக்கு மேலே கை அப்படியே நின்றது. சுட்டிருக்கும், ஆனாலும் நின்றது. அம்மா என் தோளைப் பிடித்து நகம் பதிய அழுத்தினாள். பிறகு அவன் முழங்கை பின்னால் வந்தது. பின்னால் நின்று பார்ப்பவருக்கு, அடித்து அணைக்கக் கையை ஓங்குகிற மாதிரி இருந்திருக்கும். எனக்கு மேலிருந்து தெரிந்தது வேறு. விரல்களை மடக்கினான், கையை நெஞ்சோடு சேர்த்தான், தலையைத் தூக்கினான், வாயைத் திறந்தான்.

"பொய்! அவன்தான் குத்துனது! என் மகன்தான்!" என்று அப்பா கத்தினார்.

சூடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. சம்சாரிகளில் பெரியவர், "அண்ணாச்சி, அவசரப்பட்டுட்டீகளே" என்றார். அதற்குள் கண் போனவரின் தம்பி அண்ணனின் சட்டையைப் பிடித்துவிட்டான். அண்ணன் தூணைக் கட்டிக்கொண்டான். "நான் சொல்லத்தான வந்தேன், சொல்லத்தான வந்தேன்" என்று கத்தினான். மூன்று பேர் சேர்ந்து அவன் விரல்களைத் தூணிலிருந்து பிரித்தார்கள். காலைப் பிடித்து இழுத்தார்கள். ஒவ்வொரு படியிலும் அவன் தலை இடித்தது. மண்டபத்துக்குள் அவனை வெட்டவில்லை. அவர்களுக்கும் முறை இருந்தது. கடைசிப் படி தாண்டித் தெரு மண்ணில் போட்டார்கள். தாம்பாளத்துக்குப் பக்கத்திலிருந்த அரிவாளைத் தம்பி எடுத்து வந்து கழுத்துக்குக் குறிவைத்து வெட்டினான். முதல் வெட்டு தோளில் பட்டது. அண்ணன் எழுந்து எங்கள் வீட்டுப் பக்கம் ஓடி வரப் பார்த்தான். இரண்டாவது வெட்டில் விழுந்தான். விழுந்த பிறகும் வெட்டினான்.

அம்மா மாடிப்படியில் உருண்டு விழுந்து எழுந்து ஓடினாள். நான் ஓடியது எனக்கு நினைவில்லை. அவன் கழுத்தை என் தாவணியால் பொத்தியது நினைவிருக்கிறது. சூடு. அவ்வளவு சூடாக ரத்தம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. மதுரைக்குக் கொண்டுபோக ஒரு லாரியை மறித்தார்கள். ஊர் எல்லை தாண்டுவதற்குள் அவன் போய்விட்டான். அப்பா மண்டபத்திலேயே நின்றார். வரவில்லை. வரக் கால் எழவில்லை என்று பிறகு யாரோ சொன்னார்கள். எழாமல் போகட்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

வெட்டியவன் ஜெயிலுக்குப் போனான். மண்டபத்தில் ரிசர்வ் போலீஸ் வந்து குடியிருந்தது, தூண்களுக்கு நடுவே கயிறு கட்டி பனியன் காயப்போட்டார்கள். யாரோ கல் மனிதர் மேலிருந்த பெயிண்ட்டை மண்ணெண்ணெய் போட்டுச் சுரண்டி எடுத்தார்கள். அடுத்த வருஷம் திருவிழா நடந்தது. அப்பா குளித்து, விபூதி பூசி, மண்டபத்தில் போய் நின்று மாலை வாங்கிக்கொண்டார். ஊரே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. பெற்ற பிள்ளைக்காகக் கூடப் பொய்க்குத் துணை போகாத மனுஷன் என்று எம்.ரெட்டியபட்டி வரைக்கும் பேச்சு. அவர் மாலையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா சோற்றைப் போட்டுவிட்டு, "வெளங்கிருச்சா குடும்பம்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய பேச்சு அது ஒன்றுதான். சோறு வைக்கும்போதெல்லாம் அதையே கேட்டாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார்.

எழுபதுகளின் நடுவில் அம்மா செத்தாள். நான் விருதுநகரில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். காரியம் முடிந்து ஊருக்குக் கிளம்புகிற அன்று மத்தியானம் கடைக்குச் சோறு கொண்டுபோனேன். மழை இல்லாத வருஷம், கடையில் பருத்தி இல்லை, ஆளும் இல்லை. அப்பா இலையில் கை வைத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏத்தா, ஒண்ணு கேக்கேன். அன்னைக்கி நீ மாடியில இருந்து பாத்தேல்ல?"

"பாத்தேன்."

"அணைக்கத்தான அவன் கையை ஓங்குனான்?"

கேள்வியிலேயே பதிலையும் வைத்துக் கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் மிச்ச நாளை எப்படியோ ஓட்டியிருப்பார். அம்மாவாக இருந்தால், அவளுக்கு அவர் மேல் இரக்கம் வந்திருந்தால், ஒத்தப் பொய்தானே என்று சொல்லியிருப்பாள். எனக்குப் பொய் வரவில்லை. நான் அப்பாவின் மகள்.

"இல்லப்பா. கையை எடுத்துட்டான். சொல்றதுக்கு வாயைத் தொறந்தான். நீங்க முந்திட்டீக."

அடிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். அடி பட்டதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்பா சாப்பிடாமலே இலையை மூடினார். பிறகு, "சரித்தா, நீ பஸ்ஸுக்குக் கெளம்பு" என்றார்.

அடுத்த வைகாசியில் சப்பரம் மண்டபத்துக்கு முன்னால் வந்து நின்றது. பூசாரி மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். எதிர் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, அப்பா உள்ளேயே இருந்தார்.